மெம்பிரேனை மாற்றும் முன்: பால் சர்க்கரை யூனிட்டில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"அண்ணா, மெம்பிரேன் போயிடுச்சு. புதுசு எவ்வளவு ஆகும்?"

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்திலிருந்து வந்தாலும் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வந்தாலும் எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் மெம்பிரேன், அதாவது நுண்துளை உள்ள வடிகட்டிச் சவ்வு, நன்றாகத்தான் இருக்கும். கழுவின தண்ணீர், சூடு, ஒரு ரப்பர் வளையம், இதில் ஏதோ ஒன்றுதான் சண்டை போட்டிருக்கும். ஒரே கதையைப் பல இடங்களில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதி வைக்கிறேன்.

யூனிட் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனீர் போட்டு மிஞ்சும் தண்ணீர், அதாவது வே, வருகிறது. கொழுப்பைப் பிரித்த பிறகு முதல் யூ.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) மெம்பிரேன் (10,000 டால்டன் அளவு) புரதத்தை நிறுத்திவிட்டு பால் சர்க்கரையான லாக்டோஸை விடும். வடிந்தது என்சைம் டேங்குக்குப் போகும். அங்கே லாக்டோஸ் குளுக்கோஸ், கேலக்டோஸாக உடையும். இரண்டாவது யூ.எஃப். என்சைமைப் பிடித்து டேங்குக்கே திருப்பி அனுப்பிவிட்டு சர்க்கரையை மட்டும் வெளியே விடும். சிலர் லாக்டோஸைக் கெட்டியாக்கி ஜி.ஓ.எஸ். (கேலக்டோ-ஒலிகோசாக்கரைடு) என்ற சங்கிலிச் சர்க்கரை செய்கிறார்கள். அவர்களிடம் கடைசியில் யூ.எஃப்.-ஐ விட நுண்ணிய துளை உள்ள ஒரு நேனோ மெம்பிரேனும் இருக்கும்.

## எதையும் கழற்றும் முன்: நோட்டில் நாலு எண்

புது மெம்பிரேன் போட்ட அன்றே சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரை ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வடிகிறது என்று வாளியும் செல்போன் கடிகாரமும் வைத்து அளந்து எழுதுங்கள். பக்கத்திலேயே உள்ளே போகும் பிரஷர், வெளியே வரும் பிரஷர், தண்ணீரின் சூடு. ஒவ்வொரு முறை கழுவி முடித்ததும் அதே நாலு எண். இந்த நோட்டு இல்லாத யூனிட்டில் நான் செய்வது வைத்தியம் இல்லை, ஜோசியம்.

## அறிகுறி 1: வடிவது குறைந்துவிட்டது

அதிகம் வரும் புகார் இதுதான். எப்போது குறைகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

### கழுவிய மெம்பிரேனில் வெறும் தண்ணீர் விட்டாலே குறைவு

முதலில் தெர்மாமீட்டர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் மேல் டேங்க் தண்ணீர் 18 டிகிரிக்கு இறங்கிவிடும். சித்திரையில் அதே டேங்க் 30 டிகிரி. தண்ணீர் குளிர்ந்தால் கெட்டிப்படும். 30-லிருந்து 18-க்கு இறங்கினாலே வடிவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். மெம்பிரேனில் ஒரு அழுக்கும் இருக்காது. ஒரு ஓனர் டிசம்பர் மாதத்தில் புது மெம்பிரேனுக்கு அட்வான்ஸ் கட்டப் போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். நோட்டைப் புரட்டினால் பழைய எண் மே மாதம் எழுதியது. தண்ணீரை 30 டிகிரிக்குச் சூடாக்கி ஓட்டினோம், பழைய அளவு அப்படியே வந்தது. அவருக்கு சந்தோஷத்தை விட வெட்கம்தான் அதிகம். ஒப்பிடும்போது ஒரே சூட்டில் ஒப்பிடுங்கள், அவ்வளவுதான்.

சூடு சரி என்றால் பிரஷர் கேஜைச் சந்தேகப்படுங்கள். உள்ளே போகும் கேஜையும் வெளியே வரும் கேஜையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். முள் தப்பாகக் காட்டுவது கேஜோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு கேஜில்.

அடுத்தது பம்ப். உறிஞ்சும் பக்கத்து வலையில் பனீர்த் துணுக்கு அடைத்திருக்கும், கழற்றிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: இரண்டு நாளைக்குள் டிரான்ஸ்பார்மரிலோ கரண்ட் கம்பத்திலோ வேலை நடந்ததா? ஃபேஸ் மாறி இணைத்துவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். இந்தப் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. விசிறி மூடியில் போட்டிருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் சரி செய்ய எலக்ட்ரீஷியன் போதும், என்னைக் கூப்பிட வேண்டாம்.

### தண்ணீரில் சரியாக இருக்கிறது, வே விட்டதும் இறங்குகிறது

வேயைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கொழுப்பைப் பிரிக்கும் செபரேட்டர் வேலை செய்யவில்லை. அடியில் வெள்ளைத் தூள் படிந்தால் பனீர்த் துணுக்கு தாண்டி வருகிறது. இரண்டுமே மெம்பிரேனுக்கு முன்னால் நிற்க வேண்டியவை. துணி வடிகட்டி ஒன்றைக் கூடப் போட்டாலே பாதி தீரும்.

டம்ளர் தெளிவாக இருந்தால் ஓட்டும் சூட்டைப் பாருங்கள். 10 டிகிரியை ஒட்டி ஓட்டுங்கள், இல்லை 50-ஐ ஒட்டி ஓட்டுங்கள். நடுவே 20-லிருந்து 40 வரை கிருமிக்குத் திருவிழா. இரண்டு மணி நேரத்தில் மெம்பிரேன் மேல் வழவழப்பு பிடித்துவிடும். அதற்காக 50-க்கு மேலே ஏற்றினால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். பெரும்பாலான உப்புகள் சூட்டில் கரையும், கால்சியம் பாஸ்பேட்டோ சூட்டில் பிரிந்து படியும்.

வடிவது குறைகிறதே என்று பிரஷரைத் திருகி ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஏற்றினதும் பத்து நிமிடம் கூடும். அப்புறம் முன்னை விடக் குறையும், ஏனென்றால் மேலே படிந்த புரதத்தை நீங்களே அழுத்தி இறுக்கிவிட்டீர்கள். பிரஷரைக் குறைத்து, சுற்றும் வேகத்தைக் கூட்டுங்கள்.

### கழுவியும் பழைய அளவு வரவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், நம் ஊர்க் கதை இதில்தான் இருக்கிறது.

ஒரு கண்ணாடி டம்ளரில் நீங்கள் கழுவப் பயன்படுத்தும் தண்ணீரை எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, கரைத்த காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) சில சொட்டு விடுங்கள். போர் தண்ணீராக இருந்தால் கண் முன்னாலேயே பால் கலந்தது போல் வெளுக்கும். பத்து நிமிடத்தில் அடியில் மாவு மாதிரி இறங்கும். அது சுண்ணாம்பு. காஸ்டிக் போட்டுக் கழுவும்போது இதே சுண்ணாம்புதான் மெம்பிரேன் மேல் உட்காருகிறது. கழுவக் கழுவ அடைப்பு கூடும் ரகசியம் இதுதான். பாலக்கோட்டில் ஒரு யூனிட்டில் இந்த டம்ளரைக் காட்டியபோது ஆபரேட்டர் பையன், "அப்போ நான்தான் அடைச்சுட்டிருந்தேனா?" என்று கேட்டான். ஆமாம் தம்பி.

கிருஷ்ணகிரி, தருமபுரி போர்கள் பாறைக்குள் போட்டவை. கடினத்தன்மை ஒரு பக்கம், ஃப்ளோரைடு இன்னொரு பக்கம். ஃப்ளோரைடுக்காகத்தானே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. யூ.எஃப். மெம்பிரேன் ஃப்ளோரைடை நிறுத்தாது, அதனால் கரைசலில் ஊற்றும் தண்ணீரும் போராக இருக்கக் கூடாது. கழுவவும் கலக்கவும் ஆர்.ஓ. தண்ணீர்.

ஆர்.ஓ. தண்ணீரில் கழுவியும் வரவில்லை என்றால் வரிசையைப் பாருங்கள். முதல் யூ.எஃப்.-க்கு: தெளியும் வரை அலசல், காஸ்டிக் பி.எச். (புளிப்பு-காரத்தின் அளவு) 10.5-லிருந்து 11, சூடு 50 டிகிரி, அரை மணி நேரம், அலசல், ஆசிட் பி.எச். 2-ஐ ஒட்டி இருபது நிமிடம், அலசல், தண்ணீர் எண். புரதம் இருக்கும்போது ஆசிடை முதலில் விட்டால் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது யூ.எஃப்.-ல் படிவது பெரும்பாலும் உப்பு. அங்கே ஆசிடை முதலில் விடலாம், என்சைமை முழுதாக வெளியே எடுத்த பிறகு.

பாலிசல்ஃபோன் வகை யூ.எஃப். என்றால் காஸ்டிக் சுற்றின் கடைசியில் குளோரின் 150 பி.பி.எம். அளவுக்குச் சேர்க்கலாம். பி.எச். 10.5-க்குக் கீழே போகக் கூடாது. உங்கள் மெம்பிரேன் தாளில் வேறு வரம்பு போட்டிருந்தால் தாள்தான் சட்டம். குளோரின் விட்ட லைனை நன்றாக அலசாமல் ஆசிட் விட்டால் விஷ வாயு கிளம்பும். சின்ன அறையில் உயிர்ப் பிரச்சினை அது.

இவ்வளவும் இரண்டு தடவை முழுதாகச் செய்தும், ஒரே சூட்டில் அளந்த தண்ணீர் எண் பழையதில் முக்கால் பங்குக்கு மேல் வரவில்லையா? அப்போது ஆள் கூப்பிடுங்கள். பாறைத் தண்ணீரின் சிலிகா படிந்திருந்தால் சாதாரணக் காஸ்டிக்குக்கும் ஆசிடுக்கும் மசியாது. அதற்கான மருந்து வீட்டு வைத்தியம் இல்லை.

## அறிகுறி 2: சர்க்கரை உடையவில்லை

### முதலில் அளவு சரியா?

கரைசலின் கெட்டியைக் காட்டும், கையில் பிடித்துப் பார்க்கும் பிரிக்ஸ் மீட்டரை வைத்துக்கொண்டு "மாறவே இல்லை" என்பார்கள். மாறாது. லாக்டோஸ் இரண்டாக உடைந்தாலும் கரைந்திருக்கும் மொத்த எடை ஏறக்குறைய அதேதான். மூக்குக்கண்ணாடியை வைத்துக் காது கேட்கிறதா என்று பார்ப்பது போல.

மருந்துக்கடை குளுக்கோமீட்டர் போதும், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, ஸ்ட்ரிப் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகையாக இருக்க வேண்டும். சில வகை ஸ்ட்ரிப்கள் கேலக்டோஸையும் சேர்த்து எண்ணிவிடும். இரண்டு, ஸ்ட்ரிப் ரத்தத்துக்குச் செய்தது, நம் கரைசலில் கொஞ்சம் தள்ளிக் காட்டும். அதனால் லேப் டெக்ஸ்ட்ரோஸைக் கரைத்து, லிட்டருக்கு 1 கிராம் குளுக்கோஸ் இருக்கும் கரைசலை முதலில் தொட்டுப் பாருங்கள். 100 வர வேண்டும். 115 காட்டினால் அந்த டப்பா ஸ்ட்ரிப்புக்கு அதுதான் கணக்கு.

4.5 சதவீத லாக்டோஸ் முழுதும் உடைந்தால் சுமார் 2.4 சதவீதம் குளுக்கோஸ். 1 மில்லி மாதிரியில் 19 மில்லி தண்ணீர் கலந்தால் மீட்டர் 118-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 60 காட்டினால் பாதிதான் உடைந்திருக்கிறது. இந்தக் கணக்கு முழுதாக உடைப்பவர்களுக்கு மட்டும். ஜி.ஓ.எஸ். செய்பவர்களுக்குக் குளுக்கோஸ் எண் பாதிக் கதைதான் சொல்லும். சங்கிலி எவ்வளவு வந்தது என்று அறிய மாதிரியை, சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி உள்ள லேபுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

### முதல் நாளிலிருந்தே உடையவில்லை

என்சைம் எந்த வகை என்று கேன் மேல் படியுங்கள். ஈஸ்ட் வகை (குளுய்வெரோமைசஸ்) பி.எச். 6.5-லிருந்து 7 வரை, 37-லிருந்து 40 டிகிரியில் வேலை செய்யும். பூஞ்சை வகை (ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே) பி.எச். 4.5-லிருந்து 5, சூடு 50-ஐ ஒட்டி. பனீர் வே பி.எச். 5.5-ஐ ஒட்டி இருக்கும். அப்படியே ஈஸ்ட் என்சைமை ஊற்றினால் அது படுத்துக்கொள்ளும். இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட ஒரு யூனிட்டில் கோளாறு வேறெங்கும் இல்லை. பி.எச். மீட்டரை வாங்கியதிலிருந்து பஃபர் கரைசலில் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்) வைத்து சரி பார்க்கவே இல்லை. மீட்டர் 6.7 என்றது, பி.எச். தாளே இல்லை என்று சொல்லிவிட்டது.

### நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டது

முந்தின நாள் கழுவலைக் கேளுங்கள். அலசிய கடைசித் தண்ணீரில் குளோரின் சோதனைச் சொட்டு விட்டு நிறம் வருகிறதா என்று பாருங்கள். லேசாக வந்தாலும் என்சைமுக்கு அது எமன்.

புதிதாக ஏதாவது பிட்டிங் மாற்றினீர்களா? பித்தளை வால்வு ஒன்றை என்சைம் ஊற்றும் டோசிங் லைனில் போட்டிருப்பார்கள். ஈஸ்ட் என்சைமுக்குச் செம்பு ஆகாது. ஸ்டீல் கிடைக்கும் வரை காத்திருங்கள்.

கேன் புதிதா? பெங்களூருவிலிருந்து பஸ் பார்சலில் வெயிலில் வந்து, சாயங்காலம் வரை புக்கிங் ஆபீசில் கிடந்த கேனை ஃப்ரிட்ஜில் வைத்தால் உயிர் திரும்பாது. பழைய கேனில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், ஒரே வேயை இரண்டு பாட்டிலில் எடுத்து, இரண்டு என்சைமையும் ஒரே அளவு ஊற்றி, 38 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வைத்துக் குளுக்கோஸ் பாருங்கள். சப்ளையரிடம் பேச இந்த இரண்டு எண்ணும் போதும்.

### நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

சுற்றும் பம்பே தண்ணீரைச் சூடாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. காலையில் 38-ல் ஆரம்பித்த லூப் (டேங்குக்கும் மெம்பிரேனுக்கும் இடையே சுற்றும் லைன்) மத்தியானம் 46-ல் நிற்கும். சென்சார் டேங்கின் மேல் ஓரத்தில் இருப்பதால் பேனல் மட்டும் 39 என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஈஸ்ட் என்சைம் 45-ஐத் தாண்டினால் வேகமாகச் சாகும். மெம்பிரேனை விட்டு வெளியே வரும் குழாயில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி நாலு மணி நேரம் பாருங்கள். சூடு ஏறினால் லூப்பில் ஒரு சின்ன கூலர் தேவை.

திரும்பும் குழாய் டேங்கில் மேலிருந்து அருவி மாதிரி விழுகிறதா? நுரை பொங்குகிறதா? நுரையும் என்சைமைக் கெடுக்கும். குழாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள்.

பிறகு உப்பு. ஈஸ்ட் என்சைமுக்குப் பொட்டாசியமும் மெக்னீசியமும் பிடிக்கும். கால்சியம் பிடிக்காது, சோடியமும் அவ்வளவாகப் பிடிக்காது. சாஃப்ட்னர் தண்ணீர் நல்லதுதானே என்பார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது. கழுவும்போது சுண்ணாம்பு படியாமல் இருக்க அது உதவும், என்சைம் டேங்குக்கு வேண்டாம். பி.எச். ஏற்றவும் சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் என்சைம் விலையை நினைத்தால் ஒன்றுமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் குறைந்தால் என்சைம் மெம்பிரேனைத் தாண்டி வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டும். நாலாவது அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: பி.எச். ஏற்றியதும் டேங்க் வெள்ளையாகக் கலங்குகிறது

கெட்டுப்போய்விட்டது என்று சாக்கடையில் ஊற்றியவர்களைத் தெரியும். பனீர் வேயில் கரைந்திருந்த கால்சியம் பாஸ்பேட், பி.எச். ஏறியதும் பிரிந்து வருகிறது. ஒரு டம்ளரில் எடுத்து எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். தெளிந்தால் இதுவேதான்.

இதை என்சைமோடு சேர்த்து இரண்டாவது மெம்பிரேனுக்கு அனுப்பினால் அன்றைக்கே அடைக்கும். என்சைம் போடும் முன்பே பி.எச். ஏற்றி, 50-லிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். படிந்ததை அடியில் விட்டு மேல் தண்ணீரைப் பை வடிகட்டி வழியாக எடுத்து, 38-க்கு ஆற்றிய பிறகு என்சைம். கால்சியமும் குறைந்துவிடும், ஈஸ்ட் என்சைமுக்கு அதுவும் லாபம்.

தினமும் இந்தப் பாடு வேண்டாம் என்றால் பூஞ்சை வகை என்சைமுக்கு மாறுங்கள். பனீர் வேக்குப் புளிப்புப் பக்கம் வேலை செய்யும் என்சைம்தான் பொருத்தம் என்பது என் கருத்து. இருக்கும் ஸ்டாக்கைத் தீர்க்க வேண்டும் என்பதற்காகவே ஈஸ்ட் என்சைமோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

## அறிகுறி 4: நிறுத்த வேண்டியது தாண்டிப் போகிறது

### முதல் மெம்பிரேனில் வடிந்தது கலங்கலாக இருக்கிறது

பச்சை கலந்த மஞ்சளாக, தெளிவாக வர வேண்டும். அந்த நிறம் ரைபோபிளேவின் என்ற வைட்டமின், பயப்படாதீர்கள். கலங்கலாக இருந்தால் சோதனைக் குழாயில் பிடித்துக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கலங்கல் மறைந்தால் உப்பு, நின்றால் புரதம். பனீர் வேயில் கொதித்தால் திரளும் புரதத்தில் பெரும்பகுதி பனீரோடு போய்விட்டதால் இந்தச் சோதனை சில சமயம் ஏமாற்றும். பால் லேபில் சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் இருந்தால் அதில் சில சொட்டு விட்டுப் பார்ப்பது நம்பகமானது.

### இரண்டாவது மெம்பிரேனில் என்சைம் போகிறதா?

வடிந்ததை ஒரு பாட்டிலில் பிடித்து உடனே குளுக்கோஸ் அளந்து பாருங்கள். பாட்டிலை 38 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம் வைத்துத் திரும்ப அளந்து பாருங்கள். (பூஞ்சை என்சைம் என்றால் 50 டிகிரி.) எண் ஏறினால் அந்தப் பாட்டிலுக்குள் என்சைம் இருக்கிறது. ஏறாவிட்டால் மெம்பிரேன் நிரபராதி. உடைய வேண்டிய லாக்டோஸ் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்போது எடுத்த மாதிரியாக இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த சோதனைகளில் செலவே இல்லாதது இது.

### தாண்டுகிறது என்று உறுதியானால்

பத்து ரூபாய்ச் சாமானிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மெம்பிரேன் உட்கார்ந்திருக்கும் உறையான ஹவுசிங்கின் இரண்டு முனையையும் திறந்து நடுக்குழாயின் ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தை, பாருங்கள். முறுக்கியிருக்கும், வெட்டுப்பட்டிருக்கும், சில சமயம் போடவே மறந்திருப்பார்கள். மாட்டும்போது கிரீஸ் தடவாதீர்கள். உணவுக்கு ஏற்ற கிளிசரின் லேசாகத் தடவினால் போதும்.

ஓ-ரிங் நல்லபடியாக இருந்தால், வடியும் நடுக்குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நுழைத்து, ஒரு ஜாண் ஒரு ஜாணாக உள்ளே தள்ளி, ஒவ்வொரு இடத்திலும் மாதிரி பிடியுங்கள். எந்த இடத்தில் கலங்கல் கூடுகிறதோ அங்கேதான் ஓட்டை. முனையில் கூடினால் ஓ-ரிங் அல்லது இணைப்பு. நடுவில் கூடினால் மெம்பிரேன் ஒட்டு விட்டுவிட்டது, அதற்கு வைத்தியம் கிடையாது.

முனையில் மெம்பிரேன் சுருள் டெலஸ்கோப் மாதிரி வெளியே தள்ளியிருந்தால், புதிதை வாங்கும் முன் ஏன் தள்ளியது என்று கண்டுபிடியுங்கள். ஒரு மெம்பிரேனுக்கு உள்ளே வெளியே பிரஷர் வித்தியாசம் 1 பாரைத் தாண்டவிட்டிருப்பீர்கள், அல்லது வால்வை முழுதும் திறந்து வைத்துப் பம்பைத் தட்டியிருப்பீர்கள். கரண்ட் போய் வந்ததும் பம்ப் தானாக ஆரம்பிக்கும்படி விட்டிருந்தால் அதுதான் குற்றவாளி.

## அறிகுறி 5: நேனோ மெம்பிரேன்

### வடிவதே இல்லை

பிரிக்ஸ் எவ்வளவு? 20-க்கு மேலா? அப்படியென்றால் கோளாறே இல்லை. 20 சதவீத லாக்டோஸ் கரைசல் தனக்குள்ளேயே சுமார் 15 பார் இழுவை வைத்திருக்கிறது. நீங்கள் 16 பார் கொடுத்தால் மிஞ்சுவது ஒன்றுதான். ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து இளக்கி ஓட்டுங்கள். குளுக்கோஸ், கேலக்டோஸைக் கழுவி எடுக்கவும் இப்படித் தண்ணீர் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். வடிந்த அளவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள்.

### நன்றாக வடிகிறது, சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக

வடிவது திடீரென்று கூடி, வடிந்ததில் பிரிக்ஸும் கூடினால் ஓ-ரிங்கைப் பாருங்கள். அது சரி என்றால் மெம்பிரேன் குளோரினில் வெந்துவிட்டது. நேனோ பெரும்பாலும் பாலிஅமைடு. யூ.எஃப். தாங்கும் குளோரினை இது தாங்காது. போர் தண்ணீர் வேண்டாம் என்று குழாய்த் தண்ணீருக்கு மாறிய ஒரு இடத்தில் இப்படித்தான் ஆனது. சுண்ணாம்புக்குத் தப்பி குளோரினில் விழுந்தார்கள். குழாய்த் தண்ணீர் என்றால் முன்னால் கரி வடிகட்டி கட்டாயம். வெந்த நேனோவுக்கு மாற்றுவது ஒன்றே வழி. இங்கே உங்கள் வாய்வார்த்தையை விட சப்ளையர் ஆள் வந்து பார்ப்பது நல்லது, வாரண்டிப் பேச்சு இருந்தால்.

## அறிகுறி 6: புளிப்பு வாடை, பி.எச். தானாக இறங்குகிறது

குளுக்கோஸ் ஆனதும் ஈஸ்டுக்கும் கிருமிக்கும் விருந்துதான். லைனில் தண்ணீர் தேங்கும் முட்டு எங்கே என்று தேடுங்கள்: பயன்படுத்தாத 'T' வடிவக் குழாய் இணைப்பு, கேஜுக்குப் போகும் நீளக் கழுத்து, மாதிரி எடுக்கும் வால்வு. அந்த வால்வைக் கழற்றி மோந்து பாருங்கள், வேறு சோதனை தேவைப்படாது. வேயை வந்ததும் பாஸ்சரைஸ் செய்து, உடனே ஓட்டாவிட்டால் 5 டிகிரிக்குக் குளிர வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெம்பிரேனை வெறும் தண்ணீரில் விட்டுப் போகாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் சோடியம் மெட்டாபைசல்பைட் அரை சதவீதம் கரைத்து நிரப்பிவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை நன்றாக அலசுங்கள்.

மூன்று தடவை கழுவியும் புளித்தால் மாதிரியை மைக்ரோபயாலஜி லேபுக்கு அனுப்புங்கள். அதுவரை அந்தச் சரக்கை யாருக்கும் விற்காதீர்கள்.

## அறிகுறி 7: காலையில் குழாயில் வெள்ளை மணல்

லாக்டோஸ் படிகம். 25 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் சுமார் 22 கிராம் லாக்டோஸைத்தான் பிடிக்கும், 60 டிகிரியில் 58 கிராம் பிடிக்கும். கெட்டியாக்கி வைத்ததை இரவில் ஆறவிட்டால் மணலாக இறங்கும். பம்பை ஓட்டாதீர்கள், சீல் தேய்ந்துவிடும். வெந்நீர் விட்டுக் கரையுங்கள். மெம்பிரேனுக்குள் நுழைந்திருந்தால் 50 டிகிரி வெந்நீரை பிரஷரே இல்லாமல் மெதுவாகச் சுற்றவிடுங்கள்.

கரைசல் பழுப்பாவது இதன் தம்பி. உடைந்த சர்க்கரை லாக்டோஸை விடச் சீக்கிரம் புரதத்தோடு சேர்ந்து சிவக்கும். முதல் மெம்பிரேனில் புரதம் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு, சூட்டையும் நேரத்தையும் குறையுங்கள்.

## ஆள் கூப்பிடும்போது

போனில் "ஓடலை" என்று சொல்லாதீர்கள். நோட்டின் கடைசிப் பத்து நாள் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். உள்ளே போவது, வடிவது, திரும்புவது, மூன்றிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். நான் வருவதற்குள் யாரும் கழுவி வைக்காதீர்கள். சாட்சியைக் கழுவிய வீட்டுக்குப் போலீஸ் வந்து என்ன செய்வது?

இன்னொன்று. மே முடிந்து ஜூலை வரைக்கும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பம்ப் மெக்கானிக், ஸ்டீல் வெல்டர், பாய்லர் ஆள் எல்லோரும் மாம்பழக் கூழ் ஆலைகளில்தான் இருப்பார்கள். பெங்களூரா மாங்காய் லாரி வரிசையில் நிற்கும்போது உங்கள் போனை யாரும் எடுக்க மாட்டார்கள். ஓ-ரிங் இரண்டு செட், பம்ப் மெக்கானிக்கல் சீல் ஒன்று, கேஜ் இரண்டு, இதை ஏப்ரலிலேயே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.